அழிக்கும் முன் படிக்க வேண்டாமா?

வீட்டுக் கணினி தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகிறது என்று யாரிடமாவது சொன்னால், வரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். ‘ஃபார்மட் அடித்துவிடுங்கள்’ என்பது ஒன்று. ‘பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்பது மற்றொன்று. இரண்டுமே, கணினி எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று ஒரு கேள்விகூடக் கேளாமல் சொல்லப்படும் தீர்ப்புகள். செய்யுளில் ஓரிடத்தில் பொருள் விளங்கவில்லையென்றால் ஏட்டையே கிழித்துப் போடு என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். எந்தச் சொல்லில் தடுக்கிறது, சொல் பிரித்தது தவறா, பாடமே தவறா என்றுதான் பார்க்கச் சொல்வார். இலக்கியம் படிக்கிற நமக்கு இது பழகிய முறை. கணினியின் முன் அமரும்போது மட்டும் அதை ஏன் கைவிட்டுவிடுகிறோம்?

முதலில், தாமதம் என்பது ஒற்றைப் பொருளன்று. பொத்தானை அழுத்தியது முதல் நாம் வேலையைத் தொடங்குவது வரை கணினி பல கட்டங்களைக் கடக்கிறது. முதற் கட்டத்தில் ‘பயாஸ்’ அல்லது அதன் இடத்துக்கு வந்த ‘யு.இ.எஃப்.ஐ.’ எனப்படும் அடிப்படை நிரல், நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு முதலியவை இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. பின் இயங்குதளத்தின் கருநிரல் நினைவகத்துக்கு வருகிறது; உறுப்புகளை இயக்கும் நிரல்களும் பின்னணிச் சேவைகளும் எழுகின்றன; கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றுகிறது. அதைக் கொடுத்து உள்ளே சென்றபின், ‘தானே தொடங்குக’ என்று பட்டியலில் பதிந்துவைத்த மென்பொருள்கள் ஒவ்வொன்றாக விழிக்கின்றன. இக்கட்டங்களுள் எதில் நேரம் கழிகிறது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அதைக் கண்டறியக் கைக்கடிகாரம் போதும். தயாரிப்பாளரின் சின்னம் மறையும் நேரம், கடவுச்சொல் திரை வரும் நேரம், முகப்புத் திரை வரும் நேரம், சுட்டியைச் சொடுக்கினால் உடனே பதில் கிடைக்கும் நேரம் என்று நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். மறுநாளும் அவ்வாறே குறித்தால் தற்செயல் எது, வழக்கம் எது என்பது புலப்படும். புதுப்பிப்பு நிறுவப்பட்ட நாளில் தாமதமாவது இயல்பு; அந்த ஒரு நாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

சின்னம் மறையவே நேரமாகிறது என்றால் குற்றம் விண்டோஸ் மீது இல்லாமலும் இருக்கலாம். அது இன்னும் மேடைக்கே வராதிருக்கலாம். யு.எஸ்.பி. துளையில் செருகி மறந்துபோன பென் டிரைவோ வெளி வன்தட்டோ, கணினியை அதிலிருந்து தொடங்க முடியுமா என்று தேட வைத்துக்கொண்டிருக்கலாம். தாய்ப்பலகையில் உள்ள, நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருந்தால் தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடும். சில கணினிகள் அங்கேயே நின்று ஏதேனும் விசையை அழுத்தச் சொல்லும். வன்தட்டு உடனே மறுமொழி தராததும் காரணமாகலாம். இவற்றுள் எதற்கும் ஃபார்மட் மருந்தாகாது.

முகப்புத் திரை விரைவாக வந்தும், அதன்பின் சுட்டி சுழன்றுகொண்டே இருக்கிறதென்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் அதில் ‘ஸ்டார்ட்அப்’ என்றொரு பகுதி உண்டு. தானே தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலும், ஒவ்வொன்றும் தொடக்கத்தைப் பாதிக்கும் அளவு அதிகமா, நடுத்தரமா, குறைவா என்ற குறிப்பும் அங்கே இருக்கும். எப்போதோ ஒருமுறை பேசுவதற்காக நிறுவிய உரையாடல் மென்பொருள், வீட்டைவிட்டே போய்விட்ட அச்சுப்பொறியின் துணைநிரல், ஆண்டுக்கொருமுறை திறக்கும் விளையாட்டு என்று அந்தப் பட்டியல் நீளும். எல்லாமே ஒருகாலத்தில் நாம் ‘சரி’ என்று சொடுக்கி உள்ளே அழைத்தவைதாம். இங்கு முடக்குவதால் மென்பொருள் அழிந்துவிடாது. அழைத்தால் வரும், அழையாமல் வாராது. ஒலி, தொடுபலகை, பாதுகாப்பு தொடர்பானவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக முடக்கி, மீண்டும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பத்தை மாற்றினால் குணமானது எதனால் என்று தெரியாமற் போகும்.

நச்சுநிரல் எதிர்ப்பான்கள் இரண்டு ஒரே கணினியில் காவல் இருப்பதும் காணக்கூடியதே. விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்துடனேயே ஒன்று வருகிறது. அதற்கு மேல் வேறு இரண்டைச் சேர்த்தால், திறக்கும் கோப்பு ஒவ்வொன்றையும் காவலர் பலர் மாறி மாறிச் சோதிப்பர். ‘கணினியை வேகமாக்கும்’ மென்பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான பிழைகளைக் கண்டுபிடித்ததாகச் சிவப்பெழுத்தில் அச்சுறுத்தும் இவற்றுள் பல, தம்மையும் அந்தத் தொடக்கப் பட்டியலில் பதிந்துகொள்கின்றன. ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் மென்பொருள்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், கணினி முழுமையாக அணைவதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் ஏற்பாடு, கருநிரலின் நிலையை வன்தட்டில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்துக்கொள்கிறது. நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்து வருவதற்கு இது இடமளிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் செயலிக்கான பக்கத்தில் ‘அப் டைம்’ என்ற கணக்கைப் பார்த்தால், நாள்தோறும் அணைத்த கணினி பல நாளாக விழித்திருப்பதாகச் சொல்வதைக் காணலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை அதைச் செய்வதாலேயே தீரும் தாமதங்கள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் மெதுவாகவே இருக்கிறதென்றால், ‘பழசாகிவிட்டது’ என்ற தீர்ப்பைப் பரிசீலிக்கலாம். ஆனால் பழசானது எது? கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு, நொடிக்கு 120 சுற்றுச் சுற்றுகிறது. வேண்டிய தகவல் ஊசிக்கு நேராக வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிநொடி ஆகும். ஊசியைத் தாங்கும் கை உரிய தடத்துக்கு நகர இன்னும் 8 அல்லது 9 மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடினால் நொடிக்குச் சுமார் 80 இடங்களைத்தான் எட்ட முடியும். மடிக்கணினிகளில் வந்த 5,400 சுற்றுத் தட்டுகளின் நிலை இதனினும் மோசம். தொடக்கம் என்பதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும் வேலை. பத்து மென்பொருள்கள் அதே நொடியில் அந்த ஒற்றைக் கையைப் பிடித்து இழுத்தால் என்னவாகும்? டாஸ்க் மேனேஜரில் செயலி ஓய்வாக இருக்க, ‘டிஸ்க்’ மட்டும் 100 விழுக்காட்டில் நின்றால் நடப்பது இதுவே. செயலி காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அசையும் கையே இல்லாத எஸ்.எஸ்.டி. இத்தகைய சிறு வாசிப்புகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யவல்லது. பத்தாண்டுக்கு முந்தைய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய தட்டு இருந்த அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்தும். பழைய தட்டில் உள்ளதை அப்படியே புதியதில் படியெடுக்கவும் முடியும். நினைவகம் 2 அல்லது 4 ஜி.பி.யாக இருந்தால் அதையும் கூட்டலாம். கணினி முழுவதையும் தூக்கியெறிவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது நியாயம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்ததும், டி.பி.எம். 2.0 இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காததும் உண்மை. பாதுகாப்பை முன்னிட்டுப் புதிது வாங்குவோர் வாங்கலாம். லினக்ஸுக்கு மாறுவோர் மாறலாம். ஆனால் அது பாதுகாப்பு பற்றிய முடிவு. தொடங்கத் தாமதமாகிறது என்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தாமதத்துக்கு மற்றொரு பொருளும் உண்டு, அதுவே கவலைக்குரியது. வன்தட்டு சாகத் தொடங்கும்போது, படிக்க முடியாத இடங்களை மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது. கணினி உறைந்து நிற்கிறது. சிலவற்றில் ‘டக், டக்’ என்ற ஓசையும் கேட்கும். பெரும்பாலான வன்தட்டுகள் தம் உடல்நிலையை ‘ஸ்மார்ட்’ என்னும் குறிப்பேட்டில் தாமே பதிந்துவைக்கின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். பழுதாகி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தால் அன்றே கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட வேண்டும். அத்தகைய தட்டை ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் எழுதுவது, மூச்சு வாங்குகிறவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பானது.

ஃபார்மட்டால் வேகம் கூடுவதில்லையா என்று கேட்கலாம். கூடும். தொடக்கப் பட்டியல் வெறுமையாகிவிடுவதால் சில மாதங்கள் கணினி பறக்கும். பின்னர் அதே நாம், அதே மென்பொருள்களை, அதே ‘சரி’யைச் சொடுக்கி நிறுவுவோம். காரணம் அறியாத வைத்தியம் நோயை ஒத்திப்போடுகிறது. கடைக்காரரையும் முழுக்கக் குறைசொல்ல மனமில்லை. ‘ஓ.எஸ். போட’ இவ்வளவு என்று கூலி தருகிற நாம், அரைமணி நேரம் உட்கார்ந்து காரணத்தை ஆராய்ந்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோமே!

இதில் எழுதுவோர், படிப்போர் வீடுகளுக்கென்று ஒரு தனி இழப்பு இருக்கிறது. ‘சி’ டிரைவை மட்டும் துடைப்பதாகச் சொல்வார்கள். முகப்புத் திரையிலும் ‘மை டாகுமென்ட்ஸ்’ உறையிலும் நாம் வைத்தவையெல்லாம் இயல்பாக அந்த ‘சி’யில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ‘டி’யில் வைத்தவை தப்பும், ஆனால் எழுத்துரு தப்பாது. தமிழ்நாட்டரசு ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்களை அறிவித்த 1999-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் அதன் பின்னும், டிஸ்கி, பாமினி, பதிப்பகங்களின் சொந்தக் குறியேற்றங்கள் என்று ஆளுக்கொரு முறையில் தட்டச்சு செய்துவைத்தோம். அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010-இல்தான். அந்தப் பழைய எழுத்துருக்கள் ‘சி’ டிரைவின் ‘ஃபான்ட்ஸ்’ உறையில் குடியிருந்தவை. துடைத்தபின் கோப்பைத் திறந்தால், தமிழ் இருந்த இடத்தில் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த ஏதோ ஒன்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அதையும் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. கெடவில்லை, படிக்கும் திறவுகோல்தான் போய்விட்டது. குறியேற்றம் தெரிந்தால் எழுத்துருமாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். ஆகவே கோப்புகளோடு எழுத்துருக்களையும் படியெடுப்பது இன்றியமையாதது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டபோது தாம் பட்ட வேதனையை உ.வே.சா. ‘என் சரித்திரம்’ நூலில் பதிந்திருக்கிறார். இட்டவர்கள் பகையினால் இடவில்லை. ஆகமம் அப்படிச் சொல்வதாக நம்பி இட்டார்கள். அதைப் படித்து வருந்துகிற நாம், முடியாத நாவலின் மூன்று அத்தியாயங்களும், அச்சேறாத மொழிபெயர்ப்பும், மறைந்த நண்பரின் மின்னஞ்சல்களும் இருக்கும் தட்டை, ‘மெதுவாக இருக்கிறது’ என்ற ஒரே காரணத்தால் துடைக்கக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாமா?

ஃபார்மட்டே கூடாது என்பது நம் வாதமன்று. நச்சுநிரல் ஊறிப்போன கணினிக்கு அதுவே சரியான வழியாகலாம். அது வரிசையில் கடைசியில் வர வேண்டும் என்கிறோம். முதலில் படியெடுத்தல், பிறகு கடிகாரம், பிறகு தொடக்கப் பட்டியல், பிறகு வன்தட்டின் உடல்நிலை. இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முடிகிற வேலை. இதற்கு மேலும் கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், நேரங்கள் குறித்த அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ‘எந்தக் கட்டத்தில் தாமதமாகிறது, ஏன்?’ என்று கேளுங்கள். விடை சொல்லக்கூடியவரிடம் கணினியைக் கொடுங்கள். அதற்கான கூலியையும் மனமுவந்து கொடுங்கள்.