பிடி அரிசிப் பொங்கல்



மார்கழி பிறந்துவிட்டது. தமிழ்நாட்டில் மார்கழி என்றால் பனி, நமக்கு மழை. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மழையின் குணம் நன்றாகத் தெரியும். பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு கொட்டினாலோ, மங்கில் இறங்கிய பாலும் தண்ணீரோடு போய்விடும். அந்த மாதச் சம்பளம் மெலிந்து வரும். அதன் பின்னாலேயே தைப்பொங்கல் வாசலில் வந்து நிற்கும்.

எங்கள் அம்மா இதற்கொரு வழி வைத்திருந்தார். தீபாவளி முடிந்த மறுநாள் பழைய மைலோ டின் ஒன்றைக் கழுவிக் காயவைப்பார். அன்று முதல், உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். வண்டு அண்டாமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாய். டின் நிறைந்தால் வாளிக்கு மாறும். எவ்வளவு முடை வந்தாலும் அந்த வாளியில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஒரு பிடியில் என்ன சேரும் என்கிறீர்களா? என் வகுப்புப் பிள்ளைகளோடு நிறுத்துப் பார்த்தேன். பெரியவர் கைக்கு ஏறக்குறைய 40 கிராம். 70 நாளுக்கு 2,800 கிராம்!

பொங்கலன்று டின் பால் டின்னால் அளந்து 2 டின் அரிசி, அரை டின் பாசிப்பருப்பு, 2 டின் தூளாக்கிய வெல்லம், ஒரு முழுத் தேங்காயின் பால். வெல்லத்துக்கு வழியில்லாத வருடம் குலா மலாக்கா. இரண்டாம் பாலில் அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகே இனிப்பு. தலைப்பால் திரிந்துவிடாமலிருக்க, இறக்கும்போதுதான் ஊற்றுவார்.

இறக்கியதும் முதல் கிண்ணம் எங்களுக்கு இல்லை. அந்த வருடம் சாவு விழுந்து, பானை வைக்காத வீட்டுக்குப் போகும். மழைச் சேற்றில் அதைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. பசியில் முணுமுணுப்பேன். "நாம தின்னுட்டுக் குடுத்தா அது மிச்சம், பாப்பா. மொதல்ல குடுத்தாத்தான் பொங்கல்" என்பார் அம்மா.

அதன் பொருள் எனக்கு 1993ஆம் ஆண்டு தையில்தான் புரிந்தது. அதற்கு முந்தின கார்த்திகையில் அப்பா இறந்துபோனார். எங்கள் வாசலில் கோலமில்லை, பானையில்லை. மற்ற வீடுகளில் "பொங்கலோ பொங்கல்" என்று குரல் எழும்போது, நானும் தம்பிகளும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பிறகு மீண்டும் மீண்டும். மொத்தம் 14 கிண்ணங்கள். ஒன்றில் அடிப்பிடித்த வாடை, ஒன்றில் பாண்டான் இலை மணம், ஒன்றில் இனிப்பே இல்லை. அந்த வீட்டிலும் மழைதானே பெய்தது! கோழித் தகராறில் இரண்டு வருடமாக எங்களோடு பேசாத அக்காள்கூட ஒரு கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். அப்பா போன பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் இருந்த இடம் தெரியவில்லை. இன்று தாமான் வீட்டில் இருக்கிறேன். சென்ற தையில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. பார்த்தும், வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டுப் பெரியவர் காலமான செய்தி மாட்டுப் பொங்கலன்றுதான் தெரிந்தது. என் பானையிலோ பொங்கல் மிஞ்சிக் கிடந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவர் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

பலகாரங்களைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் யார் வீட்டில் பானை ஏறவில்லை என்று எந்தக் கடையும் நமக்குச் சொல்லாது.

தாய்மார்களே, இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்கே ஒரு டின்னைக் கழுவி வையுங்கள். தை பிறக்க 30 நாள் இருந்தாலும் 1,200 கிராம் சேரும். பிடி அரிசியைப் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். முதல் கிண்ணம் போக வேண்டிய வீடு எது என்பதையும் அந்தப் பிள்ளையையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

என் வீட்டில் டின் ஏறிவிட்டது. அடுத்த இதழில் சந்திப்போம்.