தலையசைவால் இயங்கும் சக்கர நாற்காலி

கழுத்தின் நடுப்பகுதியில் தண்டுவடம் சிதைவுறுமாயின், அவ்விடத்திற்குக் கீழுள்ள உறுப்புக்கள் மூளையின் ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை. கைகளும் கால்களும் செயலற்றுப் போகின்றன. ஆயினும், தலையை அசைக்கும் தசைகளுக்குரிய நரம்புகள் பெரும்பாலும் காயத்திற்கு மேலிருந்தே கிளம்புவதால், இத்தகையோரிற் பலருக்குத் தலையசைவு மட்டும் எஞ்சி நிற்கின்றது. இவ்வொரு சக்தியைக் கொண்டே அவர்கள் பிறர் துணையின்றி நடமாடுதல் கூடும்.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்று முடங்கிய வீரர்களுக்காக, கனடா தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஜார்ஜ் க்ளைன் என்னும் பொறியியலறிஞர் மின்சாரச் சக்கர நாற்காலியை உருவாக்கினார். அதன் மாதிரி ஒன்று 1955-இல் அமெரிக்காவிற்கு அளிக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை இவ்வகை நாற்காலிகளுட் பெரும்பாலானவை கையால் அசைக்கும் சிறு கைப்பிடியைக் கொண்டே செலுத்தப்படுகின்றன. விரலையும் அசைக்க இயலாதவருக்கு அக்கைப்பிடி பயன்படாது.

இக்குறையைத் தீர்க்க வல்லது முடுக்கமானி என்னும் சில மில்லிமீட்டர் அளவேயுள்ள சில்லு. இதனைத் தலைப்பட்டையிற் பொருத்தினால், தலை சாயுந்தோறும் அதன் அச்சுக்களின்மீது புவியீர்ப்பின் பங்கு மாறுகின்றது. கிடையாக இருந்த அச்சு 30 பாகை சாய்ந்தால், புவியீர்ப்பின் சரிபாதி அதன்மீது விழும். இம்மாற்றத்தைக் கணித்து மோட்டார்களுக்கு ஆணை பிறப்பிக்கலாம். முன்னே குனிந்தால் நாற்காலி முன் செல்லும். பக்கவாட்டிற் சாய்ந்தால் அப்பக்கம் திரும்பும். சில்லின் விலை குறைவாதலின், நம் நாட்டுப் பொறியியற் கல்லூரி மாணவர் பலர் இத்தகைய மாதிரிகளைச் செய்து காட்டுகின்றனர்.

எனினும், மாதிரி வேறு, நாள்தோறும் நம்பி அமரத்தக்க சாதனம் வேறு. தலை என்பது வெறும் விசைப்பிடி அன்று. சுற்றிலும் நோக்குவதற்கும், தும்முவதற்கும், "ஆம்" என்று தலையசைத்து விடையளிப்பதற்கும் அதுவே வேண்டும். இவ்வசைவுகளையெல்லாம் ஆணையாகக் கொள்ளும் நாற்காலி ஆபத்தானது. ஆதலின் சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாத நடுநிலை எல்லை, கட்டுப்பாட்டை வேண்டும்போது துண்டிக்கும் தனி விசை, தொடர்பு அறுந்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடு ஆகியவை இன்றியமையாதவை. சரிவான பாதையில் நாற்காலியுடன் தலையும் சாய்வதால், நாற்காலியிலும் ஒரு சில்லைப் பொருத்தி, அதன் சாய்வைக் கழித்தே தலையசைவை அறிதல் வேண்டும். கழுத்துத் தசைகளின் களைப்பையும் கருத்திற் கொள்ளுதல் அவசியம்.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் இயக்கக் குறைபாடு உடையோர் சுமார் 54 லட்சம். அவர்களுள் தலையசைவு ஒன்றையே நம்பியிருப்போர் சிறு பகுதியினரே. அவ்வாறிருக்கப் பொதுப்பணத்தைச் செலவிடல் தகுமா எனச் சிலர் வினவக்கூடும். மோட்டாரும் மின்கலமும் எவ்வாற்றானும் வேண்டப்படுபவையே; தலையசைவுக்கெனக் கூடும் செலவு அவற்றை நோக்கச் சிறிது. மேலும், ஒருவரை இடம்விட்டு இடம் நகர்த்துவதற்கென்றே குடும்பத்தினர் ஒருவர் தம் தொழிலைத் துறக்க நேர்வதும் ஒரு செலவன்றோ?

உதவிச் சாதனங்களை வழங்கும் மத்திய அரசின் திட்டம் 1981 முதல் உள்ளது. கான்பூரில் 1972-இல் நிறுவப்பட்ட செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகமும் உள்ளது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்துறை ஆராய்ச்சியை அரசின் கடமையாக்கியுள்ளது. இனித் தேவைப்படுவது புதிய மாதிரிகளின் பெருக்கமன்று. ஆராய்ச்சி மானியம் பெறும் ஒவ்வொரு கருவியும், அதனைப் பயன்படுத்த வேண்டியவரிடமே பல மாதங்கள் சோதிக்கப்படல் வேண்டும். எந்த மின்சார நாற்காலியிலும் பொருத்தத்தக்கதாகவும், மாவட்டத் தலைநகரிலேயே பழுதுபார்க்கத்தக்கதாகவும் அஃது அமைதல் வேண்டும். பழுதுற்று மூலையிற் கிடக்கும் நாற்காலி, அதில் அமர்ந்தவரை மீண்டும் படுக்கையிலேயே சேர்த்துவிடும்.