மையித்துக்கு ஆளுண்டு, மகப்பேற்றுக்கு?

நம் மஹல்லாவில் ஒரு பெண் மறைந்துவிட்டால், செய்தி எட்டிய சிறிது நேரத்தில் குளிப்பாட்டும் பெண்கள் வாசலில் வந்து நிற்கின்றனர். கபன் துணி வருகிறது; கற்பூரம் வருகிறது; பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வருகிறது. இறந்தவள் யார், எந்த ஊர், நமக்கு என்ன உறவு என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. அது பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லார் தலையிலிருந்தும் கடமை இறங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் எல்லாருமே குற்றவாளிகள். இந்த ஒழுங்கை எண்ணி நாம் பெருமை கொள்கின்றோம், கொள்ளவும் வேண்டும்.

ஆனால் அதே பெண் உயிரோடு இருந்தபோது, பிரசவ வலி கண்டு துடித்த இரவில், அவள் கையைப் பற்றிக்கொள்ள மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் போனார்கள்? உயிர் போன உடலுக்கு ஆள் வைத்திருக்கும் சமுதாயம், உயிரை ஈன்று தரும் உடலுக்கு ஏன் ஆள் வைக்கவில்லை? இதைத்தான் நாம் கேட்கின்றோம்.

வட சென்னையின் டோல்கேட் பகுதியைப் பாருங்கள். துறைமுகத்தை நோக்கிச் சரக்குப் பெட்டி லாரிகள் வரிசை பிடிக்கும் வட்டாரம். 2021ஆம் ஆண்டு மெட்ரோ இரயிலும் வந்துவிட்டது. பிழைப்புத் தேடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு அழைத்துக்கொள்ளும். அது நம் தமிழகத்து வழக்கம். இரண்டாவது, மூன்றாவது பேறு என்றால்? கணவன் லாரியிலோ துறைமுகத்திலோ இரவு வேலையில் இருப்பான். மாமியார் ஊரில் படுக்கையில் இருப்பார். மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வலியோடு ஆட்டோவில் ஏறி, இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குத் தனியே போகும் பெண்ணின் நிலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அங்கே மருத்துவம் கிடைக்கும். ஆனால், "பயப்படாதே அம்மா, நான் இருக்கிறேன்" என்று சொல்லும் குரலை யார் தருவது?

திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம் இந்தக் காட்சியை நமக்குக் காட்டியிருக்கிறது. பேரீச்ச மரத்தடியில் மர்யம் (அலை) அவர்கள் தன்னந்தனியே பிரசவ வலியில் தவித்தபோது, இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கலாகாதா என்று ஏங்கினார்கள். அந்த வேளையில் அவர்களுக்கு முதலில் கிடைத்தது என்ன? கவலைப்படாதே என்ற ஆறுதல். பிறகு அருந்த நீரோடை. உண்ணக் கனிந்த பேரீச்சம்பழம். ஆறுதல், நீர், உணவு! பிரசவத் துணைக்கு உலகம் இன்று எழுதும் இலக்கணமும் இதுவே அன்றோ?

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பணிபுரிந்த ஸல்மா (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் குறிப்பதை நாம் மறந்துவிட்டோம். நபிகளாரின் மைந்தர் இப்ராஹீம் பிறந்தபோது ஏந்திய மருத்துவச்சி அவர்களே. ஃபாத்திமா (ரலி) அவர்களின் பிள்ளைகளையும் அவர்களே ஏந்தினார்கள். பின்னர் ஃபாத்திமா (ரலி) மறைந்தபோது குளிப்பாட்டியவர்களுள்ளும் அவர்கள் இருந்தார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் உதவின அதே கைகள்! நாமோ ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைக் கைவிட்டோம்.

"நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்று மூத்த தாய்மார்கள் கேட்கக்கூடும். பெற்றீர்கள், ஆனால் தனியாகவா பெற்றீர்கள்? மருத்துவச்சி இருந்தாள், பாட்டி இருந்தாள், அண்டை வீட்டுப் பெண்கள் அடுப்பில் வெந்நீர் வைத்தார்கள். தமிழகத்தில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அதனால் தாயும் சேயும் பிழைத்தார்கள். அதைப் பழிப்பவர் அறிவிலிகள். ஆனால் வீட்டுப் பிரசவத்தை விட்டபோது, அதிலிருந்த துணையையும் சேர்த்து விட்டுவிட்டோம். அதுதான் பிழை.

"மருத்துவரும் செவிலியரும் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. செவிலியர் பல கட்டில்களைக் காக்க வேண்டியவர். ஒருத்தியின் முதுகை இரவெல்லாம் தடவிக்கொண்டிருக்க அவரால் இயலாது. குவாத்தமாலா நாட்டில் நடந்து 1980ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறு ஆய்வில், பயிற்சியே இல்லாத, முன்பின் அறிமுகமும் இல்லாத ஒரு பெண் வலி கண்டவளின் அருகே அமர்த்தப்பட்டாள். சேர்ந்தது முதல் பெறும் வரை துணையில்லாதவர்களுக்குச் சராசரியாக 19 மணி நேரம் ஆயிற்று. துணையிருந்தவர்களுக்கு 9 மணி நேரத்திற்கும் குறைவு. பின்னர் 17 நாடுகளில், 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்து ஆராய்ந்தது. பெரிய எண்ணிக்கையில் பார்க்கும்போது நேரக் குறைவு அத்தனை பெரிதாக இல்லை. ஆயினும் இடைவிடாத துணை பெற்றவர்களுக்கு இயல்பான பிரசவம் மிகுதி, அறுவை குறைவு என்பதே முடிவாயிற்று. தமிழகத்தில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை. தனியார் மருத்துவமனைகளிலோ 64. தேவையான இடத்தில் அறுவை உயிர் காக்கும் அருள். தேவையற்ற இடத்தில் அதைத் தவிர்க்க ஒரு பெண்ணின் கைப்பிடி உதவுமென்றால், அதை மறுக்க நமக்கு என்ன உரிமை?

"இது மேல்நாட்டு நாகரிகம், பணக்காரர் பகட்டு" என்பார் சிலர். 'டூலா' என்ற பெயரில் கட்டணம் பெற்றுத் துணையிருக்கும் பெண்கள் சென்னையிலும் இருக்கின்றனர்; அது டோல்கேட்டுக் கூலிக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. பணிப்பெண் என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல்லை டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலார் 1973இல் தம் நூலில் கையாண்டார். பெயர்தான் புதிது, பணி நம் பாட்டிமாருடையது. பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பணியை நாம் மீட்போம்.

அரசு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழகம் 2004இலேயே கொண்டுவந்தது. நடுவண் அரசு 2016இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. தொற்று நோயற்றவராக, தூய ஆடையில், மருத்துவப் பணியில் தலையிடாதவராக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகளுள் சில. உலகச் சுகாதார நிறுவனமும் 2018இல் இதையே பரிந்துரைத்தது. உடனிருக்கும் உரிமை உண்டென்று நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹயாவைப் பற்றி மேடைகளில் முழங்குகிறோமே, பிரசவ அறையில் விலகிய துணியை இழுத்துப் போர்த்த ஒரு பெண் வேண்டாமா?

வீடு திரும்பிய பின்னர் நடப்பது இன்னொரு கொடுமை. நாற்பது நாள் நிஃபாஸ் காலத்தில் தொழுகையையும் நோன்பையும் மார்க்கம் தளர்த்தியிருக்கிறது. ஓய்வு தேவைப்படும் உடலென்று அதிலிருந்தே நாம் உணர்ந்திருக்க வேண்டும். நாமோ தொழுகைக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு அனுப்புகிறோம்! அகீகாவுக்குக் கடன் வாங்கியும் பிரியாணி போடும் வீட்டில், பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு அவித்துத் தர ஆளில்லை. காசிமேட்டில் மீனுக்குப் பஞ்சமா? மனத்துக்குத்தான் பஞ்சம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைப்பதும், தாய்க்குத் தண்ணீரை மறுப்பதும் இன்னும் ஒழியவில்லை. காரணமின்றி அழுகின்றவளைப் 'பிடிவாதக்காரி' என்கிறோம். இந்தியாவில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருவதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. அது பிடிவாதமன்று, நோய். காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவற்றைக் கண்டவுடன் மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்று அறிந்த ஒருத்தி தினம் ஒருமுறை எட்டிப் பார்த்தால், எத்தனை வீடுகளின் துயரம் தடுக்கப்படும்!

ஜமாஅத் பெருமக்களுக்கு நாம் சொல்வது இதுதான். மஹல்லாவுக்கு ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுங்கள். பெற்று வளர்த்த அனுபவமுள்ளவர்களாக இருக்கட்டும். அருகிலுள்ள நகர்ப்புறச் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பயிற்சி கேளுங்கள். உறவினரைத்தான் அனுமதிப்போம் என்று மருத்துவமனை சொன்னால், ஆதரவற்றவளுக்காக நீங்கள் போய்ப் பேசுங்கள். அந்தப் பெண்களுக்குப் போக்குவரத்துச் செலவும் சிறு ஊதியமும் தாருங்கள். திருமண மண்டப விளக்கு அலங்காரத்தில் ஒரு பகுதி போதும். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியும் கிறிஸ்தவச் சகோதரியும் அழைத்தாலும் அவர்கள் போகட்டும், வலிக்கு மதமில்லை. கணவன்மார்களே, நாற்பது நாளில் தண்ணீர்க் குடத்தையாவது நீங்கள் தூக்குங்கள்.

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில், மையித்துக் குளிப்பாட்ட யாரை அழைக்க வேண்டும் என்று தொலைபேசி எண் எழுதியிருக்கிறது. அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. மகப்பேற்றுக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதை அங்கே எழுதுங்கள். அந்த வரி எழுதப்படும் வரை, கிபாயா நீங்கிவிட்டதென்று நம்மில் எவரும் நிம்மதியாக உறங்க முடியாது.