பதினைந்து நிமிஷக் கூட்டம்

தென்காசியில் 2011-ஆம் வருஷம் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்து, பின்னர் மத்தளம்பாறையில் வேரூன்றியது முதலாக, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சிவகிரி முதலிய ஊர்களின் பிள்ளைகள் மென்பொருள் எழுதுவதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் சற்றே தளர்ந்திருக்கிறது. தொழில் ஊர்ப்பக்கம் வந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் இத்தொழிலில் பல நிறுவனங்கள் கைக்கொள்ளும் ‘ஸ்க்ரம்’ என்ற வேலைமுறை, நிர்வாகிகளின் கையில் சிக்கியதும் தன் சுபாவத்தையே இழந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ரக்பி ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காக முட்டி நிற்கும் நிலைக்கு ஸ்க்ரம் என்று பெயர். புதுச் சரக்கை உருவாக்கும் குழு அவ்வாறே ஒன்றாக முன்னேற வேண்டும் என்று தாகேயூச்சி, நோனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986-இல் எழுதினார்கள். அமெரிக்கர்களான ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் மென்பொருளுக்கென அதே பெயரில் ஒரு முறையை வகுத்து 1995-இல் சபையறிய வைத்தார்கள்.

அவர்களது வழிகாட்டியின் 2020-ஆம் வருஷப் பதிப்பு, பொதுவாகப் பத்துப் பேருக்கு மேற்படாத குழுவில் மூன்றே பொறுப்புகளைச் சொல்கிறது. எந்த வேலை முந்தி என்று தீர்மானிப்பவர் பிராடக்ட் ஓனர். அதை எப்படிச் செய்வது என்று தாங்களே முடிவு செய்பவர்கள் டெவலப்பர்கள். வழியிலுள்ள தடைகள் நீங்கும்படி பார்த்துக்கொள்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். இவர்களில் ஒருவருக்கு மற்றவர் மேலதிகாரி அல்லர். குளத்துப் பாசனத்தில், ஆயக்கட்டில் சொந்த நிலமில்லாதவரையே நீர்பாய்ச்சியாக அமர்த்தும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. தனக்கென்று ஒரு வயல் இருந்தால் மடை நியாயமாகத் திறக்காது என்பதே காரணம். (அவருக்குக் கிடைத்த கூலியும் மரியாதையும் நியாயமாக இருந்தனவா என்பது வேறு கதை.) ஸ்க்ரம் மாஸ்டருக்கு வேண்டிய நடுநிலைமையும் அத்தகையதே.

நடைமுறையிலோ, மேலாளரே அந்தப் பொறுப்பையும் சேர்த்து வகிப்பது சகஜமாகிவிட்டது. டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்காக ஏற்பட்ட பதினைந்து நிமிஷ தினசரிக் கூட்டம், ‘நேற்று இதை முடித்தேன் சார், இன்று இதைச் செய்வேன் சார்’ என்று ஒவ்வொருவராக ஒப்புவிக்கும் சடங்காகிறது. சிக்கிக்கொண்ட இடத்தைச் சொன்னால் திறமைக் குறைவென்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சும் இளம் ஊழியர், தமது வருஷாந்தர மதிப்பீட்டை எழுதப்போகிறவரின் முகத்தைப் பார்த்தபடியே, எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்லி வைக்கிறார். சரியாகப் போகவில்லை என்பது ‘ஸ்பிரின்ட்’ என்ற வேலைத் தவணை முடியும் நாளில்தான் வெளிப்படுகிறது.

பெரியவர்முன் வாய் திறவாத நமது பழக்கத்தின்மேல் பழியைப் போடுவோர் உண்டு. அது பாதி நியாயந்தான். சம்பள உயர்வும் தடை நீக்கமும் ஒரே கையில் இருந்தால் அமெரிக்கனும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பான். ஆகவே மதிப்பீடு எழுதுபவரை ஸ்க்ரம் மாஸ்டராக வைக்கலாகாது. காலைக் கூட்டத்துக்கு அவர் வராதிருப்பதே உத்தமம். ஸ்பிரின்ட்டின் இறுதியில் நடந்ததை அலசும் ரெட்ரோஸ்பெக்டிவில், போன வருஷம் சேர்ந்தவர் முதலில் பேசட்டும். அனுபவஸ்தர்கள் கடைசியில் பேசினால் போதும். மூத்தவரை அண்ணாச்சி என்று அழைப்பதை இதற்காக எவரும் நிறுத்த வேண்டியதில்லை.