தராசைப் பார்க்கும் உரிமை

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து கோடிழுத்து, வெயில் ஏறியதும் மங்குகளில் சேர்ந்ததை வாளியில் வடித்து, காண்டாக் கம்பில் இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்து, பால் கொட்டகையின் முன்னே வரிசையில் நின்ற என் தாயார், தம் ஒருநாள் உழைப்பின் எடை என்ன என்பதைத் தம் கண்ணால் ஒருநாளும் கண்டதில்லை. தராசின் முள் கணக்கெழுதும் கிராணியின் பக்கம் திரும்பியிருக்கும். பாலின் கெட்டியை அறிய அவர் ஒரு கருவியை அதில் மிதக்கவிட்டு எடுப்பார். பிறகு பேரேட்டில் ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண்ணே அன்றைய கூலி. மழை பெய்த நாளில் எண் குறையும். எங்கோ ஒரு சந்தையில் ரப்பர் விலை சரிந்த மாதத்திலும் குறையும். ஏன் குறைந்தது என்று கேட்கும் வழக்கம் மட்டும் அந்தத் தோட்டத்தில் இல்லை.

சென்ற மாதம் கம்போங் மேடானில், அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் உறுமிப் பயிற்சி முடிந்து பையன்கள் கலைந்த பிறகு, குழுவை நடத்தும் இளைஞர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்துத் தேய்த்து அவருடைய கை காய்த்துப் போயிருந்தது. தைப்பூசத்திற்கென்று தாமே எழுதி, மெட்டமைத்து, நண்பர்கள் சேர்த்த காசில் பதிவுசெய்து, இணைய இசைச் சேவைகளில் ஏற்றிய பாடலின் ஓராண்டுக் கணக்கு திரையில் இருந்தது. இரண்டு வெள்ளி முப்பது காசு. அதன் கீழே, குறைந்தபட்சத் தொகையை எட்டாததால் இப்போது எடுக்க இயலாது என்று ஒரு வரி. "கணக்கு சரியா இருக்காண்ணே? எனக்குப் பாக்கத் தெரியல" என்றார் அவர். எனக்கும் தெரியவில்லை. தராசின் முள் இன்னும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த முள்ளைத் தம் பக்கம் திருப்பச் சொல்லியும், அது திரும்பாதபோது தம் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டும் வெளியேறிய சங்கீதக் கலைஞர்களைப் பற்றி அண்மையில் உலகமெங்கும் பேச்சு எழுந்தது. 2025 ஜூன் மாதத்தில், ஸ்போட்டிஃபை என்னும் இணைய இசைச் சேவையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டேனியல் ஏக், தம் முதலீட்டு நிறுவனத்தின் வழியாக, செயற்கை அறிவைக் கொண்டு போர்க்கருவிகள் செய்யும் ஹெல்சிங் என்ற ஜெர்மானிய நிறுவனத்திற்கு 60 கோடி யூரோ திரட்டிய முதலீட்டுச் சுற்றுக்குத் தலைமை தாங்கினார். செய்தி வெளிவந்த அதே மாதத்தில், அமெரிக்காவின் டியர்ஹூஃப் குழுவினர், தம் இசை மனிதரைக் கொல்வதைத் தாம் விரும்பவில்லை என்று கூறித் தம் இசைத்தொகுப்புகளை ஸ்போட்டிஃபையிலிருந்து அகற்றுவதாக அறிவித்தனர். ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கிங் கிசர்ட் அண்ட் தி லிசர்ட் விசர்ட் குழுவும், செப்டம்பரில் இங்கிலாந்தின் மாசிவ் அட்டாக் குழுவும் அவர்களைப் பின்பற்றின. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள் என்றும், ஹெல்சிங்கின் பணி ஐரோப்பாவின் தற்காப்புக்கானது என்றும் மறுதரப்பில் பதில் கூறப்பட்டது. அந்தப் பதிலில் உள்ள நியாயத்தையும் எடைபோட்ட பின்பும், தம் உழைப்பின் பலன் எங்கே செல்கிறது என்று கேட்கும் உரிமை பாடுகிறவனுக்கு உண்டு என்பதே நம் அபிப்பிராயம்.

ஊதியத்தின் வழக்கு இதைவிடப் பழையது. பாட்டு ஒருமுறை ஒலித்தால் இத்தனை காசு என்று ஒரு விலை இருப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு விலை கிடையாது. ஸ்போட்டிஃபைக்கு ஒரு நாட்டில் ஒரு மாதத்தில் சந்தாவாலும் விளம்பரத்தாலும் சேரும் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒரே குவியலாக்கி, அந்நாட்டில் கேட்கப்பட்ட மொத்த எண்ணிக்கையில் எவருடைய பாட்டு எத்தனை விழுக்காடோ அத்தனை விழுக்காட்டை உரிமையாளருக்கு, அதாவது பெரும்பாலும் வெளியீட்டு நிறுவனத்திற்கு, அளந்து கொடுப்பதே முறை. இதன் விளைவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கம்போங் மேடானில் ஒருவர் மாதமெல்லாம் நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் பாட்டை மட்டுமே கேட்டாலும், அவர் கட்டிய சந்தா அப்பிள்ளைகளைத் தேடிப் போவதில்லை. குவியலில் விழுந்து, நாடு முழுவதும் அதிகமாகக் கேட்கப்பட்டவர்களிடம் பெரும்பகுதியும் சென்று சேர்கிறது. 2024 முதல் இன்னொரு விதியும் வந்தது: முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் ஒலிக்காத பாடலுக்கு ஸ்போட்டிஃபையின் இந்தப் பங்கீட்டில் இடமே இல்லை. அந்த ஆண்டில் மட்டும் 1,000 கோடி அமெரிக்க டாலரை இசைத்துறைக்கு வழங்கியதாக அந்நிறுவனம் கூறுகிறது. தொகை பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தோட்டம் முழுவதும் எத்தனை டன் பால் என்பதைக் கேட்டு, ஒரு வாளி சுமந்தவளின் அடுப்பு எரிவதில்லை.

தோட்டத்து ஜனங்களின் வம்சத்தில் வந்த நமக்கு இதில் இன்னொன்றும் பழகிய முகமாகத் தெரிகிறது. ஸ்போட்டிஃபை 2020இல் அறிமுகம் செய்த ஒரு திட்டத்தின்படி, தம் பாடலைப் புதிய செவிகளுக்கு முன்னே நிறுத்த விரும்பும் கலைஞர் முன்பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அவ்வாறு கேட்கப்பட்டதில் கிடைக்கும் பதிவு உரிமைத்தொகையில் 30 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் போதும். ஆள் சேர்த்துக் கொடுத்ததற்காக, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணி தலைக்காசு பெற்ற காலத்தை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே கொடுத்தது துரை. இங்கே கொடுப்பது உழைத்தவனே.

தமிழ்ப் பாட்டின் உலகிலும் இந்த வழக்கு எழுந்தது. 2021இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கையையே அறிவு அதில் பாட்டாக்கினார் என்பதால், பால்மரத்து மக்களாகிய நமக்கு அது சொந்தப் பாட்டைப் போலவே ஒலித்தது. மூன்றாண்டு கழிந்து, 2024 மார்ச்சில், அதிலிருந்து தமக்கோ பாடிய இருவருக்கோ ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். வெளியிட்ட மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறோம். உலகறிந்த பாட்டுக்கே கணக்கு எங்கே நின்றது என்று மூன்றாண்டுக்குப் பின் கேட்க வேண்டியிருந்தது என்றால், உறுமிக் குழுப் பையன் யாரிடம் சென்று கேட்பான்?

மலேசியாவில் தமிழ்ப் பாட்டு என்பது இரவலாக வந்தது மட்டும் அன்று. 1998இல் பொயட்டிக் அம்மோ குழுவினர் தம் முதல் இசைத்தொகுப்பில் ஆங்கிலம், மலாய், காந்தோனியம் ஆகியவற்றோடு தமிழையும் சொல்லிசையில் நிமிர்த்தி நிறுத்தினர். 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு கடல் கடந்து தமிழ்நாட்டு இளைஞர்களையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. அந்நாட்களில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பூக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் இடையே இருந்த இசைக்கடைகளில், பாடியவனே ஒரு பை நிறையத் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்து, அடுத்த மாதம் வந்து விற்றவற்றுக்குப் பணம் வாங்கிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். அங்கேயும் ஏமாற்றம் உண்டு. திருட்டுப் பதிப்பு உண்டு. ஆயினும் எத்தனை தட்டு மீதம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். கலைஞனைக் கொண்டாடிவிட்டுக் கைவிடுவது இந்நாட்டில் புதிதுமல்ல. இந்நாட்டின் மிகப் பெரிய கலைஞர் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பி. ரம்லி, 1973 மே 29ஆம் நாள், தம் 44ஆம் வயதில், வறுமையிலே கண்மூடினார். அவர் பெயரில் சாலையும் நினைவில்லமும் பின்னால் வந்தன.

இனி, நம்மவர்களும் வெளியேறிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். வெளியேறுதல் எல்லோருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை. 2014இல் ஸ்போட்டிஃபையிலிருந்து தம் பாடல்களை எடுத்துக்கொண்டு போன டெய்லர் ஸ்விஃப்ட் 2017இலும், பெருந்தொற்றுத் தடுப்பூசியைப் பற்றிய பொய்ப் பிரசாரத்தை எதிர்த்து 2022 ஜனவரியில் போன நீல் யங் 2024இலும் திரும்பி வந்தனர். போனபோதும் வந்தபோதும் உலகம் அவர்களைக் கவனித்தது. இடையில் அவர்கள் வீட்டில் உலை ஏறாமல் போகவில்லை. நம் பையன் போனால், போனதே எவருக்கும் தெரியாது. தனி ஆள் ஒருவன் வாளியைக் கீழே வைத்தால் நாளை அந்த நிரையில் வேறொருவன் பால் வெட்டுவான்.

ஆனால் வாளிகள் எல்லாம் ஒன்றாகக் கீழே வைக்கப்பட்ட காலமும் இதே மண்ணில் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் பெரட்டுக்குப் போக மறுத்தனர். அவர்கள் கேட்டவற்றை இன்று எடுத்துப் படித்தால் நெஞ்சு நிமிர்கிறது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டார்கள்; அதே மூச்சில், கள்ளுக்கடையை மூடு, பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்து, துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் போகவிடு என்றும் கேட்டார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிப்பாய்களின் துப்பாக்கிக்குத் தொழிலாளர் சிலர் பலியாயினர். இன்று மேல்நாட்டுக் கலைஞர்கள் ஊதியத்தையும் தர்மத்தையும் ஒரே கையில் ஏந்தி நிற்பதைப் புதுமை என்று பத்திரிகைகள் எழுதும்போது, கூலியையும் மானத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத அந்த மனிதர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் சேர்ந்து நின்றதனால்தான் அவர்கள் வேலையை விட்டது காதில் விழுந்தது.

கலைஞனோடு சேர்ந்து நிற்க வேண்டியவர்கள் கேட்கிறவர்களாகிய நாமே. இயற்றியவருக்கும் எழுதியவருக்கும் உரிமைத்தொகை பெற்றுத்தர இந்நாட்டில் எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989 முதல் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அதில் பெயர் பதியவில்லை, பதியச் சொல்வாரும் இல்லை. கேட்பவர் நேரே விலை கொடுத்துப் பாடலை வாங்க, 15 விழுக்காட்டையும் பணப்பரிமாற்றக் கட்டணத்தையும் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைப் பாடியவருக்கே அனுப்பும் பேண்ட்கேம்ப் போன்ற தளங்களும் இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னே, நம் கல்யாண மண்டபங்களும், கோயில் திருவிழாக் குழுக்களும், பள்ளி நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுத்து ரசீது வாங்குகிற நாம், மேளக்காரரிடம் மட்டும் "பார்த்துச் செய்யலாம், தம்பி" என்று சொல்லி அனுப்புகிறோம்.

இதை எழுதும்போது எம் குற்றமும் முன்னே வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு இவ்விதழின் வாசகர் சந்திப்பில் அந்த இளைஞரும் அவருடைய குழுவினரும் ஒரு மணிநேரம் வாசித்தார்கள். பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம், படம் எடுத்தோம். உறுமியையும் தவிலையும் இரண்டு வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் சொந்தச் செலவில் வீடு திரும்பியது, சென்ற மாதம் அந்தக் கைப்பேசித் திரையைப் பார்த்து நின்றபோதுதான் எமக்கு உறைத்தது. அந்த இசைச் சேவைகள் அவருக்கு இரண்டு வெள்ளி முப்பது காசு எழுதின. நாம் அதையும் எழுதவில்லை.

2001 மார்ச் கலவரத்தில் ஆறு உயிர்களை இழந்த ஊராக மட்டும் இந்த நாட்டின் செய்தித்தாள்கள் நினைவில் வைத்திருக்கும் கம்போங் மேடானில், மாலைதோறும் உறுமி உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஓயாதிருக்க எம்மால் ஆனது சிறிது. அதைச் செய்வதென்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. இனி இவ்விதழ் நடத்தும் எந்தக் கூட்டத்திலும் பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் கூலி உண்டு. தொகை முன்னதாகவே பேசி எழுதப்படும். மேடை ஏறுமுன் கையில் கொடுக்கப்படும். ஆண்டு முடிவில் எவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது இதே பக்கத்தில் அச்சாகும். சென்ற ஆண்டின் பாக்கியை இந்த வாரம் அந்தக் கீழ்த்தளத்திற்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். இளைஞர் வாங்கி, எங்கள் முன்னிலையிலேயே எண்ணிப் பார்த்தார். எண்ணிப் பார்த்ததற்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.