வெந்நீருக்கும் ஒரு செலவுக் கணக்கு

கீசர் வாங்கும்போது நட்சத்திரக் குறியீட்டைப் பார்க்கிறோம். உத்தரவாத ஆண்டுகளை ஒப்பிடுகிறோம். குளியலறைச் சுவரில் அதைப் பொருத்திய பிறகு, வெந்நீர் வரும்வரை அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

தில்லி, ஹைதராபாத் போன்ற நகரங்களில் பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரே வருகிறது. அதிலுள்ள உப்புகள் காயிலின்மீது ஓடுபோல் படிகின்றன. வெப்பம் நீரில் எளிதில் இறங்காமல் காயில் விரைவில் கருகிவிடுகிறது. தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டு, தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கிறது. தண்டு தீர்ந்தபின் தொட்டியே அரிபடத் தொடங்குகிறது. தெர்மோஸ்டாட் பழுதாகி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் அடைத்துக்கொண்டால், தொட்டி வெடிக்கவும் கூடும்.

ஆகவே, ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன்பு தேர்ந்த பணியாளரைக் கொண்டு இவற்றையும் எர்த் இணைப்பையும் சோதிக்கும் செலவு, காப்பீட்டுத் தவணையைப் போலவே குடும்பக் கணக்கில் இடம்பெற வேண்டும் என்பதே நம் கருத்து. வாடகை வீடுகளில் உரிமையாளர் குடியிருப்பவரையும், குடியிருப்பவர் உரிமையாளரையும் எதிர்பார்த்திருக்க, ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. இந்தப் பொறுப்பு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவோம். அதற்கு ஒரு வரி போதும்.