கிழவருக்கு ஒரு கீழ்வீடு

என் நண்பர் ஒருவர் கணக்கு வாத்தியார். முப்பத்து மூன்று வருஷம் புதுச்சேரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். முத்தியால்பேட்டையில் மாடிவீடு. முழங்கால் இப்போது படியேற மறுக்கிறது. அதை விற்றுவிட்டு லாஸ்பேட்டைப் பக்கம் தரையோடு தரையாக ஒரு சின்ன வீடு வாங்கத் தீர்மானித்தார். விற்கிற விலையும் வாங்குகிற விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"கணக்கு நேராகிவிட்டது, ஸார்!" என்றார் சந்தோஷமாக.

பத்திரம் எழுதுகிறவரிடம் நானும் துணைக்குப் போயிருந்தேன். அவர் முத்திரைத் தீர்வையைச் சொன்னார். வாத்தியார் முகம் வாடிவிட்டது.

"வீட்டம்மா பெயரில் வாங்குங்களேன், ஐயா. பெண்களுக்குச் சலுகை உண்டே!"

"அவள் போய் நாலு வருஷமாகிறது, தம்பி. பென்ஷன்காரருக்கு ஏதாவது உண்டா?"

பத்திரக்காரர் சிரித்தார். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புத்தான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இது பென்ஷனை அறியாத ஊரா? பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய சொல்தாக்களின் பென்ஷனில் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரித்த ஊர் இது!

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1899-ஆம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, குறிப்பிட்ட ஒரு வகையினருக்கு எழுதிக் கொடுக்கப்படும் பத்திரங்களுக்குத் தீர்வையைக் குறைக்கவோ அடியோடு தள்ளவோ சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. கெஜட்டில் ஓர் உத்தரவு வந்தால் போதும். பெண்களை அப்படி ஒரு வகையினராகக் கருதியது நியாயம். பக்கத்துத் தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல், பத்து லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்தார்கள். முதுமை மட்டும் ஒரு வகை ஆகாதா?

"வீடு வாங்கப் பணமுள்ளவருக்குச் சலுகை எதற்கு?" என்று கேட்பார்கள். வாத்தியார் சொத்துச் சேர்க்கவில்லை, ஐயா. மாடியை விட்டுத் தரைக்கு இறங்குகிறார். குடியிருந்த வீட்டை விற்று இன்னொரு வீடு வாங்கினால் அதை லாபமாகக் கருத வேண்டாம் என்று 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டமே 54-ஆவது பிரிவில் இரக்கம் காட்டியது. வருமான வரிக்காரருக்கு இருந்த இரக்கம் முத்திரைத் தீர்வைக்கு இருக்கக்கூடாதா?

"பிள்ளைகள் அப்பன் பெயரில் வாங்கி ஏமாற்றுவார்கள்" என்பது அடுத்த ஆட்சேபம். அதற்கும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தார் பென்ஷன்காரருக்குச் சலுகை வகுத்தபோது, விலைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். வாங்கியவரே குடியிருக்க வேண்டும், ஆயுளில் ஒரு தடவைதான் என்றார்கள். இந்த மூன்று நிபந்தனைகளை எழுத நமக்குத் தமிழ் தெரியாதா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது தர்மமல்ல. தர்மமாகக் கொடுத்ததை நினைத்தபோது பிடுங்கிக்கொள்ளலாம். ரயிலில் கிழவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனதை மறந்துவிட்டோமா? சட்டப்படி வகுத்த உரிமையாக வேண்டும். முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, மனுப்போட்டு, ஆறு மாதம் நடந்து திரும்ப வாங்குகிற ஏற்பாடும் வேண்டாம். பத்திரம் பதிகிற மேஜையிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக்காரனை நடக்கவைத்து முழங்கால் வலிக்குச் சலுகை தருவது என்ன நியாயம்?

அத்தாட்சி வேண்டுமா? வருஷந்தோறும் நவம்பரில், தான் சாகவில்லை என்று பென்ஷன்காரர் சான்று கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்! அந்தக் காகிதம் போதாதா? உயிரோடிருப்பவர் எங்கேயாவது குடியிருக்கவும் வேண்டும் என்பதைச் சர்க்கார் யோசிக்கக்கூடாதா?

வாத்தியார் தீர்வைக்குப் பணம் சேருகிறவரை மாடியிலேயே இருக்கிறார். கீழேயிருந்து வீட்டுக்கு இருபத்திரண்டு படிகள். அவர் எண்ணிச் சொன்னது, கணக்குத் தப்பாது.